பூஜையில் வைத்த ஃபோன்

அன்புள்ள சுதாவுக்கு,

நான் சுகம். அம்மாவின் முட்டிவலி தேவலையா?

ஆயுதபூஜைக்கு நம் வீட்டில் மிக்ஸி முதல் தண்ணீர் மோட்டார்வரை பொட்டு வைப்போமே. மஸ்கட்டில் நான் நன்றி சொல்ல, உங்கள் குரலைக் கொண்டுவரும் ஃபோன்தான் இருந்தது. சந்தனம் வைத்து, படத்தின் முன் வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாதே, தொடவில்லை. காலையில் பார்த்தால் பதினொரு அழைப்புகள். கூடவே பாப்பா அனுப்பிய குரல்பதிவு: "இன்னா நைனா, எடுக்கவே மாட்டியா? உன் வண்டிக்கு நான்தான் பொட்டு வச்சேன், வந்து பாரு."

அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. இங்கிருந்துகொண்டு நான் என்ன செய்ய? ஆவடிக்கு வரும் என் அறைத்தோழன் ஜஸ்டினிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், அவளுக்குப் படித்துக் காட்டு. அவன் திரும்பும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொடு.

வேலைக்கு வேன் வந்துவிட்டது. மழை பிடிப்பதற்குள் வண்டியை உள்ளே ஏற்றி வை. அந்தப் பொட்டு நான் வரும்வரை இருக்கட்டும்.

உன் கோபி