பலகையின் மூன்றாவது வரி

ஒரே சாரப்பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து கப்பலுக்குத் துரு தட்டிய என் அன்பு மச்சான் லாசருக்கு,

கோப்பை நம்மிடம்தான் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியைக் கேட்க உனக்குப் பொறுமை இருக்காது. அத்திப்பட்டு மைதானத்தில் எண்ணூர் அணியை ஒன்பது ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. அந்த இறுதி ஆட்டத்துக்கு உன் மகன் பெலிக்ஸை நான் எடுக்கவில்லை. நம் அணிக்குக் கேப்டனாக இருந்தவனை வெளியே உட்கார வைத்தேன். வேறு யாரும் உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டும், இல்லையா?

எழுதுவது நான்தான், காசிம்தான். நம்பு. உன் வீட்டுக்காரி பிலோமினா அண்ணிதான் கற்றுக்கொடுத்தது. நீ எங்களை விட்டுப் போன மறு வருஷம் ஆரம்பித்தோம். பாடப் புத்தகம் எல்லாம் இல்லை, பேப்பரின் விளையாட்டுப் பக்கம்தான். நான் முதன்முதலில் முழுதாகப் படித்த சொல் ‘விக்கெட்’. ‘அம்மா’ அதற்கு அப்புறம்தான் வந்தது. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு மத்தியானம் ஆகிறது. ஒரு வரி முடிந்ததும் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன். நான் நினைத்தது நினைத்தபடி அங்கேயே இருக்கிறது! இவ்வளவு பெரிய சந்தோஷத்தை இத்தனை வருஷமாக நீங்கள் எல்லோரும் என்னிடம் சொல்லாமலே வைத்திருந்தீர்களே, நியாயமா?

நம் அணியின் ஆண்டு மலரில் இதைப் போடுவார்களாம். நாலு பேர் படிப்பார்கள். படிக்கட்டும். பெலிக்ஸிடம் கேட்டுவிட்டேன்.

முதலில் உன் ஆஸ்திரேலியாக்காரர்களின் சேதி. அங்கே டெஸ்ட் என்றால் இப்போதும் விடியற்காலை ஐந்து மணிக்கு டீக்கடையில் டி.வி.க்கு முன்னால் இருக்கிறேன். உன் நாற்காலியில் இப்போது கடையின் பால் கேன் இருக்கிறது. உனக்குப் பிடித்த அந்தச் சுழற்பந்துக்காரர், எத்தனை வருஷமாக ஆடுகிறார், அவரையே ஒரு டெஸ்டில் வெளியே வைத்துவிட்டார்கள். ஆடுகளத்துக்கு வேகப்பந்துதான் சரி என்று முடிவு செய்தார்களாம். அவர் கோபத்தை மறைக்கவில்லை. வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த டெஸ்டில் வந்து பந்து போட்டார், விக்கெட்டும் எடுத்தார். இன்னொரு ஆட்டத்தில் தொடக்க ஆட்டக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நடுவில் ஆடுகிற ஒருவர் நான் போகிறேன் என்று முதலில் இறங்கி, எதிராளிகளை அடித்த அடியில் ஆட்டம் இரண்டே நாளில் முடிந்துவிட்டது. நீ இருந்திருந்தால் டீ கிளாஸை உடைத்திருப்பாய்.

உனக்கு அவர்கள் மேல் எப்படி இவ்வளவு பைத்தியம் என்று மலர் படிப்பவர்களுக்குத் தெரியாது. நாம் இருவரும் துறைமுகத்தில் கப்பலுக்குத் துரு தட்டிப் பெயின்ட் அடிக்கிற கூட்டத்தில் இருந்தோம். கப்பலின் பக்கவாட்டில் கயிறு கட்டிய பலகையில் உட்கார்ந்து தொங்கிக்கொண்டே வேலை. ஒருநாள் நம் தலைக்குப் பக்கத்தில் வட்ட ஜன்னல். உள்ளே ஒரு ஆஸ்திரேலியா நாட்டு அதிகாரி ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தார். நீ சுத்தியலை நிறுத்திவிட்டாய். அவர் ஜன்னலைத் திறந்துவைத்தார். மூன்று நாள் அந்த ஒரே இடத்தில் துரு தட்டினோம். அந்த இடத்தில் இரும்பே தேய்ந்திருக்கும்.

உன் துறைமுக இங்கிலீஷில் நீ அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்று. அவர்கள் ஊரில் முதலில் பதினோரு பேரைத் தேர்ந்தெடுப்பார்களாம், பிறகுதான் அந்தப் பதினோரு பேரில் யார் கேப்டன் என்று பார்ப்பார்களாம். கேப்டன் என்பதற்காக யாருக்கும் இடம் கிடையாது. அன்று கீழே இறங்கியதும் என் தோளைப் பிடித்து உலுக்கினாய்.

“மாமு, கேட்டியா? மொதல்ல ஆட்டம், அப்பாலதான் பதவி! நம்ம டீமுக்கும் இதான் இனிமே.”

அப்படித்தான் பலகை வந்தது. வேலைக்கு ஆகாது என்று கழித்துப்போட்ட சாரப்பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, கறுப்பு பெயின்ட் அடித்து, ராயபுரத்தில் நம் அணியின் கொட்டகைச் சுவரில் நெட்டுக்குத்தாக மாட்டினாய். சனிக்கிழமை சாயந்திரம் சாக்பீஸால் பதினோரு பெயர் எழுதுவாய். எழுதினால் எழுதியதுதான், யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். மூன்றாவது வரியில் எப்போதும் நான் இருப்பேன். மூன்றாவதாக ஆடப் போகிறவன் நான்தானே.

இப்போது நான் எழுதப்போவது நாம் இரண்டு பேர் மட்டும் அறிந்தது. திருவொற்றியூரில் நடந்த இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? ஐந்து ஆட்டமாக நான் ரன்னே எடுக்கவில்லை. நீ என்னை எடுத்துவிட்டு மூன்றாவது வரியில் வேறு பெயரை எழுதினாய். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வான் என்று நினைத்தாய். நானும் பலகையைப் பார்த்தேன். மூன்றாவது வரியில் வெள்ளையாக ஏதோ இருந்தது. அது நான்தான் என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் முதல் விக்கெட் விழுந்ததும் காலில் பேட் கட்டிக்கொண்டு, மட்டையைச் சுழற்றிக்கொண்டு நடுவே போய் நின்றேன். பக்கத்தில் இன்னொருவனும் மட்டையோடு வந்து நிற்கிறான். எதிர்முனையில் நீ நிற்கிறாய். எண்ணூர்க்காரன் ஒருவன் கத்தினான்.

“இன்னா நைனா, மூணு பேரு சேந்து ஆடப்போறீங்களா? நாங்க வூட்டுக்குப் போலாமா?”

மைதானமே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாய். எத்தனை வருஷமாக ‘கண்ணாடி எடுத்துனு வர்ல, நீயே படி’ என்று உன்னிடமே சொல்லி வந்திருக்கிறேன். அந்த ஒரு நொடியில் உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேரே என்னிடம் நடந்து வந்தாய்.

“இன்னா மாமு இவ்ளோ லேட்டு? என் மட்ட ஒடஞ்சிடுச்சின்னு எப்போ கேட்டேன், இப்போ எத்துனு வர்றே? குடு!” என்று உரக்கச் சொல்லி என் மட்டையை வாங்கிக்கொண்டு உன்னுடையதை என் கையில் திணித்தாய். பிறகு என் காலைப் பார்த்தாய். “மட்ட குட்க்க வர்றதுக்கு எதுக்கு பேடு கட்னே? பந்து ஒன்ன தொர்த்திகினு வருமா?”

இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். ஆனால் அது வேறு சிரிப்பு. நான் வெளியே நடந்தேன். உன் மட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை நீ பலகையில் எழுதியதோடு நிற்கவில்லை. பக்கத்தில் நின்று பதினோரு பெயரையும் உரக்கப் படித்தாய். அதற்கப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் படித்தாய். பசங்கள் எல்லாம் அதை ஏதோ நம் அணியின் பெருமை என்று நினைத்து, படித்து முடித்ததும் கை தட்ட ஆரம்பித்தார்கள். ஏன் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த வருஷம் தேர்வுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெலிக்ஸ் நாலு ஆட்டமாகப் பந்து தாழ வந்தால் ஸ்டம்பைப் பறிகொடுக்கிறான். முன்கால் நகரவே மாட்டேன் என்கிறது. அத்திப்பட்டு மைதானமோ உனக்குத் தெரியும், மண்ணில் பாதி அனல்மின் நிலையத்துச் சாம்பல். பந்து எழும்பாது, நின்று நின்று வரும். அங்கே இரண்டு மெதுபந்துக்காரர்கள் வேண்டும். நம்மிடம் ஒருவன்தான். இரண்டாவது ஆள் முகத்துவாரக்குப்பத்துச் செல்வம். நாற்பது வயது, படகுக்காரன், இடது கை. அவனை எடுத்தால் ஒருவன் வெளியே போக வேண்டும். எத்தனை தடவை எண்ணிப் பார்த்தாலும் அது பெலிக்ஸ்தான்.

அன்று நீ செய்த ஒரு தப்பை நான் செய்யக் கூடாது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை காலையிலேயே பஸ் பிடித்து மாதவரம் லாரி நிறுத்தத்துக்குப் போனேன். பெலிக்ஸ் தன் டிரெய்லர் லாரிக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே வரச் சொல்லி முகத்துக்கு நேரே சொன்னேன்.

“நாளிக்கி நீ இல்லப்பா. செல்வம் ஆடறான்.”

கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“நான் கேப்டன், சாச்சா.”

“மொதல்ல பதினொண்ணு. அப்பாலதான் கேப்டன். ஒங்கப்பா போட்ட ரூலு.”

“எங்கப்பா இருந்தா என்ன எட்த்துருப்பாரா?”

இருந்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய், லாசரு? இப்போதும் எனக்குத் தெரியாது.

“சரிங்க, செலக்டர் சார்,” என்றான். சித்தப்பா முறைக்குக் கூப்பிடுகிற அந்தச் சாச்சா போய்விட்டது. மறுபடி லாரிக்கு அடியில் புகுந்துகொண்டான். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அந்த ‘சார்’தான் கேட்டுக்கொண்டே இருந்தது. அவனுக்கு ஞானஸ்நானம் முடிந்ததும் சர்ச்சுக்கு வெளியே முதலில் கையில் வாங்கியவன் நான்.

நேரே அண்ணியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அண்ணி காலிஃபிளவர் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

“ஒன்ன டீமுலர்ந்து தூக்குனாரே, அன்னிக்கி அந்த மனுசன் வூட்ல சோறு துன்னல, தெரியுமா ஒனக்கு?” என்றார். “கப்பு ஜெயிச்சிகினு வந்து பட்னியா பட்த்துனு இருந்தாரு. நீ இன்னா, துன்னியா?”

“இல்ல அண்ணி.”

“அப்போ சரியாத்தான் செஞ்சிகீறே. ஒக்காரு, துன்னுட்டுப் போய் எயுது.”

அன்று நீ சாப்பிடவில்லை என்பதை இத்தனை வருஷம் கழித்துத்தான் கேட்கிறேன். நானோ உன்மேல் கோபமாக அன்று இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டேன்.

சாயந்திரம் பலகைக்கு முன்னால் நின்றேன். அதுவரை பசங்களில் ஒருவன் எழுதிப் படிப்பான், என் கையால் இதுதான் முதல் தடவை. பதினோரு பெயர் எழுத இருபது நிமிஷம் ஆனது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு உரக்கப் படித்தேன். எங்கும் திக்கவில்லை, மச்சான்! ‘பெலிக்ஸ்’ இல்லாத பட்டியலை முடித்தபோது யாரும் கை தட்டவில்லை. விக்கெட் கீப்பரைக் கேப்டனாகச் சொன்னேன். பெலிக்ஸ் வரவே இல்லை.

தென்னாப்பிரிக்காவில் பந்தில் உப்புத்தாள் தேய்த்து உன் ஆட்கள் மாட்டிக்கொண்டபோது நீ எவ்வளவு பேஜாரானாய்! ‘நம்ம சோறு போட்ற உப்புத்தாள கொண்டுபோய் கலீஜ் வேல பண்ட்டானுங்களே’ என்று இரண்டு நாள் கடைப் பக்கமே வரவில்லை. ஆனால் பதவி பறிபோன அந்தக் கேப்டன் தடை முடிந்து சாதாரண ஆட்டக்காரனாகத் திரும்பி வந்து, இங்கிலாந்தில் வசவு வாங்கிக்கொண்டே ரன் குவித்தபோது எழுந்து நின்று கும்பிட்டாய். இப்போதும் அவன் ஆடுகிறான். கேப்டனுக்குக் காயம் என்றால் பொறுப்பை எடுத்துக்கொள்கிறான், அவர் வந்ததும் கொடுத்துவிடுகிறான். அவர்கள் ஜெயிப்பதைவிட இதைத்தான் நீ ரசித்தாய் என்று எனக்குத் தோன்றுகிறது. பெலிக்ஸுக்கு அது வருமா என்றுதான் ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாம் முதலில் ஆடிச் சுமாராக ரன் சேர்த்தோம். எண்ணூர் ஆடத் தொடங்கி, விக்கெட்டே விழாமல் போய்க்கொண்டிருந்தபோது பெலிக்ஸ் வந்தான். தோளில் தண்ணீர் கேன். என்னைப் பார்க்கவில்லை. எல்லைக் கோட்டருகே நின்று வானத்தைப் பார்த்தான். அனல்மின் நிலையப் புகை அதுவரை கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அது தடுமாறி நின்று, மெல்ல நம் பக்கம் திரும்பியது. கடற்காற்று ஏறுகிறது. தண்ணீர் இடைவேளை வரும்வரை பொறுக்காமல் கேனோடு உள்ளே ஓடினான்.

“செல்வம்ணா, முனைய மாத்து! தண்டவாளப் பக்கத்துலர்ந்து போடு. காத்த எதுத்துப் போடு, பந்து நின்னு எறங்கும். பொக பாத்தியா?”

உன் கண், மச்சான். அதே கண். புகையைப் பார்த்துக் காற்றைச் சொல்வது உன்னைத் தவிர யாருக்கும் வராது என்று நினைத்திருந்தேன். புதிய கேப்டன் உடனே முனையை மாற்றினான். செல்வம் நாலு விக்கெட் எடுத்தான்.

கோப்பையைத் தூக்க எல்லோரும் பெலிக்ஸைத்தான் கூப்பிட்டார்கள். அவன் விக்கெட் கீப்பரை முன்னால் தள்ளிவிட்டு என்னிடம் வந்தான்.

“சாச்சா, முன்காலு நவ்ர மாட்டேங்குது. நாளிக்கி காலையில வந்து பந்து போட்றியா?”

எழுபத்தொரு வயதுக்காரனைப் பந்து போடச் சொல்கிறான்! போட்டேன். பத்துப் பந்து போட்டேன். இரண்டு நாள் கையைத் தூக்க முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம் தாமதம்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை நான் பலகையைப் படித்தபோது எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். செல்வம் மட்டும் கடைசியில் நின்றுகொண்டு என் வாயையே பார்த்தான். அவன் பெயர் வந்ததும் மூச்சு விட்டான். அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? அன்று யாரிடமும் சொல்லவில்லை, அவனிடமும் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்து தனியாக அவனைக் கேட்டு, அவன் சரி என்று சொன்ன பிறகுதான் இந்த வரியை எழுதினேன். அடுத்த வாரத்திலிருந்து மத்தியானம் அண்ணி வீட்டில் விளையாட்டுப் பக்கத்தைப் பிரிக்கும்போது நாங்கள் இரண்டு பேர் இருப்போம்.

பெலிக்ஸின் கால் நகர்ந்தால் அவன் பெயரை எழுதுவேன். நகராவிட்டால் எழுத மாட்டேன், முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். யார் பெயரை எழுதினாலும், எல்லோரும் படிக்கத் தெரிந்தவர்களாகவே ஆகிவிட்டாலும், சாக்பீஸ் பிடிக்கிற வரைக்கும் சனிக்கிழமை சாயந்திரம் பதினோரு பெயரையும் உரக்கப் படிப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உனக்கு மச்சான், உன் மகனுக்கு மறுபடியும் சாச்சா,
காசிம்
(என் கையால் எழுதியது)