பினாங்கு அம்மை, கொச்சி அம்மை

இன்று மத்தியானம் பள்ளிக்கூடத்தில் யாரோ கொண்டுவந்த சம்பலை, இறால் போட்டது என்று பார்க்காமல் ஒரு வாய் தின்றுவிட்டேன். மணி அடிப்பதற்குள் முழங்கையில் அரிப்பு. ரவிக்கைக் கையைத் தள்ளிப் பார்த்தால் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. சிரிக்காதே. மேஜை இழுப்பறையிலேயே மாத்திரை இருக்கிறது, போட்டால் சாயங்காலத்துக்குள் அடங்கிவிடும். போடத் தோன்றவில்லை. போன வாரம்தான் உன் வீட்டுக்காரரின் கார்டு வந்தது, பாதி மலையாளம் கலந்த தமிழில், நீ போய்விட்டாய் என்று. அதைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. மரம் மாதிரி வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தினேன். இன்று இந்த அரிப்பு வந்த பிறகுதான் அழுதேன்.

அப்பா பிறந்த ஊரைப் பார்க்க வேண்டுமென்று பினாங்கிலிருந்து தன்னந்தனியாகக் கிளம்பியவள் நான். எல்லோரும் அதைச் சொந்த ஊர் என்றார்கள். என் பாஸ்போர்ட்டுக்கு அது வெளிநாடு. பாலக்காட்டில் அத்தை வீட்டில் சில நாள் இருந்துவிட்டுக் கொச்சியில் கப்பல் ஏற வேண்டும். ஒண்டிப் பெண் லாட்ஜில் தங்கக் கூடாதென்று அத்தை உன் விலாசத்தைக் கொடுத்தாள். மட்டாஞ்சேரியில் மிளகுக் கிட்டங்கியில் எடை போடுகிறவரின் பெண்டாட்டி, நம் பாஷைக்காரி, நல்லவள், வாய்தான் கொஞ்சம் நீளம் என்றாள். கொஞ்சமா!

அன்று சாயங்காலம் அடுக்களையில் நீ இறால் உரித்துக்கொண்டே என்னையும் உரித்துவிட்டாய்.

“நல்ல கும்பளங்கிக் காயல்ல பிடிச்ச கொஞ்சு. டீச்சர் ஊர்ல இந்த ருசி கிட்டாது, கேட்டீங்களா. ஆமா, அங்க போய் என்ன பண்ணப் போறீங்க?”

போய் இறங்கியதும் எனக்கு நிச்சயதார்த்தம் என்று சொன்னேன். அண்ணன் பேசி முடித்திருந்தான். ஈப்போவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், முதல் மனைவியை இழந்தவர்.

“அவரெ உனக்குப் பிடிச்சிருக்கா?” ‘நீங்கள்’ என்பது அந்தக் கேள்வியில்தான் ‘நீ’ ஆயிற்று.

“பிடிக்காம இல்ல.”

“இது எந்தா பதில்? சாயாவுக்குச் சக்கரை போதுமான்னு கேட்டா சொல்ற மாதிரி!”

சிரித்தேன். ஆனால் அதுவரை என்னிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. வேண்டுமா வேண்டாமா என்று யோசித்தால் எந்தப் பக்கமும் பதில் வரவில்லை. கப்பல் ஏறிவிட்டால் தானாகத் தெரிந்துவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, இறால் சில சமயம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையும் மறந்து, உன் குழம்பை இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டேன்.

காலையில் எழுந்தால் உடம்பெல்லாம் தடிப்பு, லேசான காய்ச்சல். பாஸ்போர்ட்டில் இருந்த முகம் கண்ணாடியில் இல்லை. அயலூரில் உடம்புக்கு வந்தால் சின்ன நோய்கூடப் பெரிய நோயாகிவிடுகிறது. இப்படியிருந்தால் கப்பலில் ஏற்றமாட்டார்களே என்று முதலில் பயந்தேன். ஏற்றாவிட்டால் நல்லதுதானே என்று உடனே ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பைக் கண்டுதான் அதிகம் பயந்தேன்.

நீ வந்தாய். என் கன்னத்தில் புறங்கையை வைத்தாய். உன் முகம் மாறியது. “அம்மா வந்திருக்கா,” என்றாய்.

“அம்மையெல்லாம் இல்ல. எறா ஒத்துக்கல. பெட்டியில மாத்திரை இருக்கு.”

“அம்மா வந்த உடம்புக்கு மருந்தா? வேண்டா.” மாத்திரைப் புட்டி உன் முந்தானை முடிச்சுக்குள் போயிற்று.

“எனக்குச் சின்ன வயசுலயே அம்மை போட்டாச்சு. மறுபடி வராது. இங்க பாருங்க தழும்பு.”

நெற்றித் தழும்பை நீ ஒரு கணம்தான் பார்த்தாய். “அது பினாங்கு அம்மை. இது கொச்சி அம்மை.”

வாசலில் வேப்பிலை ஏறிற்று. வீட்டில் தாளிப்பு நின்றது. என்னை வெள்ளைத் துணியில் கிடத்தி, அரிக்கும் இடமெல்லாம் வேப்பங்கொத்தால் தடவினாய். உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சுகம் எந்த மாத்திரையிலும் இல்லை. நீ உப்பை விட்டாய், விடியற்காலையில் ஈரத்துணியோடு பகவதி கோயிலுக்குப் போய் வந்தாய். வேப்பிலை கட்டிய வீட்டு ஆள் வர வேண்டாமென்று கிட்டங்கியில் சொல்லிவிட்டார்கள். உன் வீட்டுக்காரர் முணுமுணுக்கக்கூட இல்லை. “சாரமில்லை டீச்சரே, எனக்கும் ஒரு ரெஸ்ட்டு,” என்று என்னைத் தேற்றி, எனக்கு அம்மை என்று என் அண்ணனுக்குத் தந்தி கொடுத்துவிட்டு வந்தார்.

பக்கத்து வீட்டுக்காரி இளநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “வரட்டே?” என்று விடைபெற்றாள். நீ பாய்ந்தாயே, பாவம் அவள் மிரண்டுவிட்டாள். “அம்மை வீட்ல யாராவது சொல்லிப்பாங்களா? சொன்னா அம்மாவும் திரும்பி வருவா. மிண்டாமப் போ!” அவள் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

மறுநாளே தடிப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. கையை நீட்டிக் காட்டினேன். “உள்ள இருக்கா. மூணு தண்ணி விடாம இந்தப் படியெத் தாண்டப்படாது,” என்றாய். வேப்பிலை ஊறிய தண்ணீரைத் தலைக்கு விடும் அந்த மூன்று குளியலும் முடிவதற்கு வெகு முன்பே என் கப்பல் புறப்பட்டுவிடும் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உடம்பு நன்றாக இருந்தது, பெட்டி மூலையில் இருந்தது, படகு ஜெட்டி கூப்பிடு தூரத்தில் இருந்தது. நான் ஏன் எழுந்து போகவில்லை?

துறைமுகத்துப் பக்கமிருந்து கப்பல் ஊதிய சத்தம் கேட்டபோது நீ எனக்கு விசிறிக்கொண்டிருந்தாய். விசிறியை நிறுத்தவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. நான் தடிப்பில்லாத முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன்.

“அரிக்குதா?” என்றாய்.

“இல்ல,” என்றேன்.

அண்ணனின் பதில் தந்தி வந்தது. முகமெல்லாம் அம்மைத் தழும்பு விழுந்த பெண் வேண்டாமென்று ஈப்போக்காரர் விலகிக்கொண்டாராம். முகத்துக்காக விலகியவர் மேல் எனக்குக் கோபம் பொங்கியது. அவர் விலகியதில் அப்பாடா என்றும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி வரும் என்று உன்னைக் கேட்டேன். நீ கஞ்சியைக் கையில் கொடுத்து, ஆறுவதற்குள் குடிக்கச் சொன்னாய்.

பினாங்கில் இறங்கியபோது புதுத் தழும்பு ஒன்றுமில்லாத என் முகத்தைப் பார்த்து அண்ணன், “அம்மை எங்கே?” என்று கத்தியது தனிக்கதை. அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சும் வந்தது, போயிற்று. டீச்சராகவே இருந்துவிட்டேன். சில சாயங்காலங்களில் உனக்கு மனதார நன்றி சொல்கிறேன். சில சாயங்காலங்களில், ஆளில்லாத வீட்டைத் திறக்கும்போது, உன்னோடு சண்டை போடுகிறேன்.

இத்தனை வருஷமும் ஒன்றைத்தான் போட்டுக் குழப்பிக்கொள்கிறேன். அது அம்மை இல்லை என்று உனக்குத் தெரியுமா? தெரியாது என்றால், அந்தத் தழும்பைப் பார்த்தும் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? தெரியும் என்றால், பொய்க்காக ஒருத்தி உப்பை விடுவாளா, புருஷனின் வேலையை நிறுத்துவாளா, பகவதியிடம் போய் நிற்பாளா? உனக்கு எழுதிய கடிதங்களில் விலைவாசி எழுதினேன், மழை எழுதினேன். இதை மட்டும் கேட்கவில்லை. தெரியாது என்று நீ எழுதினால் என்னைப் புரிந்துகொண்ட ஒருத்தியை இழப்பேன். தெரியும் என்று எழுதினால் எனக்காக விரதம் இருந்த ஒருத்தியை இழப்பேன். இரண்டு பேரும் எனக்கு வேண்டியிருந்தார்கள்.

அடுத்த கப்பலுக்குக் கிளம்பிய அன்று ஜெட்டி வரை வந்தாய். உன் வீட்டு வழக்கத்தை மதித்து, வாயைத் திறக்காமல் படகில் ஏறி உட்கார்ந்தேன். படகு நகர்ந்ததும் கரையிலிருந்து உன் குரல்.

“டீச்சரே! எந்தா இது, மிண்டாமப் போற? போயிட்டு வரேன்னு சொல்லு!”

“சொல்லலாமா?”

“சொல்லுடி!” என்று சிரித்தாய்.

மூன்று தண்ணீரும் விட்டாயிற்று, இனிச் சொல்லலாம் என்றா? அல்லது அது என்றைக்குமே அம்மை வீடாக இருக்கவில்லை என்றா? எனக்கு இன்றும் தெரியவில்லை. படகு கப்பல் பக்கம் திரும்புவதற்குள் எழுந்து நின்று, கை இரண்டையும் ஆட்டி, “போயிட்டு வரேன்!” என்று கத்தினேன். நீ தலையை ஆட்டினாய்.

நான் வரவில்லை. பள்ளிக்கூடம், அண்ணன் பிள்ளைகள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஒவ்வொரு வருஷமும். நீயோ யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாய். கை இன்னும் அரிக்கிறது. அன்று படகில் நின்று உன்னிடம் சொன்ன அந்த ‘வரேன்’ மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.