சாவியைச் சைனம்பிடம் கொடுத்தேன்

கீழக்கரை, 9 பிப்ரவரி 1956

நாளை கொழும்பிலிருக்கும் கணவரிடம் புறப்படுகிறேன். இந்த வீட்டுக்கு ஒரு வாத்தியார் குடும்பம் வாடகைக்கு வருகிறது. வீட்டுப் பொறுப்பை யாரிடம் விடுவது என்றுதான் பகலெல்லாம் பேச்சு.

கொழுந்தன் காசிம், "நான் பாத்துக்கிறேன் மச்சி. ஆறு மாசத்துல அவங்களைக் கிளப்பிட்டு, இடிச்சுக் கடையாக்கிருவோம்" என்றார்.

பக்கத்து வீட்டு சைனம்பு மெல்லக் கேட்டாள்: "வாத்தியார் பொஞ்சாதி மாசமா இருக்கா லாத்தா. அவளுக்கு எந்த அறையை ஒழிச்சு வைக்க?"

கடல் காற்று வரும் அறை என்றேன். என் பிள்ளை பிறந்ததும் இறந்ததும் அங்கேதான். சாவியை அவள் கையில் வைத்தேன். காசிம் எழுந்து போனார். கணவர் என்ன சொல்வாரோ.

இப்போது அந்த அறையில்தான் படுத்திருக்கிறேன். அலைச்சத்தத்தில் ஒரு பிள்ளை சிணுங்குவதுபோல் இருக்கிறது. பயமாக இல்லை. விளக்கை அணைக்கக்கூட மனமில்லாமல் தூக்கம் வருகிறது.