இல்லாத பொற்கதவைக் கவர வந்தவர்க்கு

மங்கலம் பெருகுக, மாரி வழங்குக. தாழையாற்றின் இரு கரைக்கும், அவற்றுள் ஒரு கரையில் மட்டும் இடியாமல் நிற்கும் மதிலுக்கும் உரியவளாகிய தாழம்பாடி அரசி இளநகை நாச்சியார், மலையரசர் குலவிளக்கும், பகைவரின் உறக்கம் கெடுப்பவரும், தற்போது எம் வயலருகே பாசறை அமைத்து எம் உறக்கத்தையும் கெடுப்பவருமாகிய வெற்புநாட்டுக் கோமான் அடலேறனாருக்கு விடுக்கும் ஓலை. தேவரீர் நலமா? தேவியர் நலமா? எம் ஆற்றங்கரைக் கொசுக்களிடையே யானைகள் நலமா?

தேவரீரின் தூதர் நேற்று எம் அவையில் நின்று, தாழைவன நாதர் கோயிலின் பொற்கதவையும் மரகதத் தூண்களையும் ஒப்படைக்க வேண்டும், இல்லையேல் ஊர் தரைமட்டமாகும் என்று உரைத்தார். எந்தப் பொற்கதவு என்று யாம் வினவவே, எம் புலவர் குமிழனார் பாடிய கோயிற்சிறப்பை அவர் மடமடவென ஒப்பித்தார். கோபுர உச்சியில் உரசி உரசியே நிலவின் வயிறு தேய்ந்தது என்றும், கதவின் ஒளி கண்டு குளத்துத் தாமரைகள் இரவிலும் மலர்ந்தன என்றும், மந்திகள் மாணிக்கத்தைப் பழமென்று கடித்துப் பல்லிழந்தன என்றும் அவர் சொல்லி முடிக்கும்வரை எம் அமைச்சர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கோமானே, உள்ளதைக் கேட்பீராக. எம் கோபுரம் செங்கல்லால் ஆனது. பக்கத்துத் தென்னை அதைவிட உயரம். அங்கே நிலவு உரசியதில்லை. வௌவால்கள் குடியிருக்கின்றன, அந்த வாடையைக் குமிழனார் ஏனோ பாடவில்லை. தூண்களில் பச்சை உண்டு, அது பாசி. கதவு பலாமரத்தால் ஆனது. மழைக்காலத்தில் ஊதிப்போய்த் திறக்க மறுக்கும். அப்போது ஈசான குருக்கள் தோளால் முட்டித் திறந்த பிறகே நாதருக்குப் பள்ளியெழுச்சி. மந்திகளின் பற்கள் எவ்வளவு உறுதியானவை என்பதை எம் மடைப்பள்ளியார் நன்கறிவர்.

புலவரை அழைத்து விசாரித்தோம். அவர் முகத்தில் நாணத்தின் சாயலும் இல்லை. கோயிலை முதலில் பாடிவிட்டு, பின்னர் ஓய்வு கிடைத்தால் சென்று காண்பதே தம் மரபு என்றார். மற்ற ஊர்ச் சாமிகளுக்கெல்லாம் புலவர்கள் பொற்கதவு வைத்திருக்க, எம் நாதரை மட்டும் பலகைக்குப் பின்னே நிறுத்தலாமா என்று எம்மையே கேட்டார். “நாச்சியாரே, பலாக்கதவைப் பாடினால் அவையில் யார் தலையசைப்பார்?” என்பதே அவர் கடைசியாகச் சொன்னது.

ஆயினும் எமக்கு அச்சமாக இருக்கிறது, அதை மறைக்கவில்லை. தேவரீரின் யானைகள் நிற்கும் இடத்தை அடுத்த வயல்களில் கதிர் முற்றியிருக்கிறது. அவை ஆற்றைவிட்டு ஊரை நோக்கி நடந்தால் இவ்வாண்டு எம் மக்களுக்குச் சோறில்லை. எதிர்த்து நிற்க எம்மிடம் உள்ள படையோ, அரிவாளோடு அறுவடைக்குக் காத்திருக்கும் அதே ஆட்கள்தாம்.

இனி எம் விண்ணப்பம். தேவரீரின் தூதர் மிரட்டலுக்கு முன், வழக்கப்படி உம் புலவர் யாத்த தேவரீரின் புகழ்ப்பாட்டையும் பாடினார். இரந்தவர்க்கு இல்லை என்னும் சொல்லையே தேவரீர் அறியீர் என்றும், பகைவரே வந்து கேட்டாலும் கொடுத்துவிட்டுத்தான் உண்பீர் என்றும் அதில் கேட்டோம். எம் புலவர் பாட்டை எழுத்துக்கு எழுத்து நம்பித் தேவரீர் படையெடுத்தீர். உம் புலவர் பாட்டை யாமும் அவ்வாறே நம்பி இரக்கிறோம்: படையைத் திருப்பிக்கொண்டு செல்லும். கொடுத்தால், இரண்டு பாட்டில் ஒன்றாவது மெய்யாகும். மறுத்தால், வந்து கதவை எடுத்துக்கொள்ளும். அதைத் திறப்பதற்குக் குருக்களின் தோளையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டியிருக்கும்.

இவ்வோலை எம் தாழம்பூ முத்திரையுடன் குமிழனார் கையிலேயே வருகிறது. கோயிலைப் பற்றி அவரிடம் எதுவும் கேளாதிருப்பீராக. தேவரீர் பெருந்தன்மையோடு திரும்பிச் சென்ற சிறப்பைப் பாடுமாறு அவருக்கு ஆணையிட்டுள்ளோம். வழக்கம்போலக் காண்பதற்கு முன்னரே பாடி முடித்துவிட்டார். அந்தப் பாட்டையும் பொய்யாக்கிவிடாதீர்.