வின்னிபெக்குக்குப் போன உபயத் தகடு

அன்பு மகள் கோபிஷாவுக்கு,

சுவிஸ் ஆராவிலயிருந்து அப்பா எழுதிறன். இஞ்சை நாங்கள் ரெண்டு பேரும் சுகம், கொம்மாவின்ரை முழங்கால் மட்டும் தனியாச் சுகமில்லாமல் கிடக்கு. நீயும் அந்த மைனஸ் முப்பதுக்குள்ள கை கால் விறைக்காமல் சுகமாய் இருக்க வேணும் எண்டு வெள்ளிக்கிழமையில முருகனிட்டையும் ஞாயிற்றுக்கிழமையில நான் திறந்துவிடுற தேவாலயத்திலயும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன், ஆர் முதல் கேக்கினமோ கேக்கட்டும். இந்தக் காலத்தில என்ன கடுதாசி எண்டு நினைப்பாய். வட்ஸ்அப்பில நான் அனுப்பிற எல்லாத்துக்கும் ரெண்டு நீலக் கோடு விழுது, பதில் விழேல்லை. ஐஞ்சு கிழமையாச்சு பிள்ளை. கொம்மாவோட மட்டும் கதைக்கிறாய், நான் குசினிக் கதவுக்குப் பின்னால நிண்டு கேக்கிறன் எண்டு தெரிஞ்சுகொண்டும் கதைக்கிறாய். கடுதாசிக்கு நீலக் கோடு இல்லை. நீ வாசிச்சியோ கிழிச்சியோ எண்டு எனக்குத் தெரியவராது, அதால நிம்மதியா எழுதலாம்.

நடந்ததை நீ உன்ரை பக்கத்தால கத்திச் சொல்லிப்போட்டாய், என்ரை பக்கத்தால ஆறுதலாச் சொல்லுறன் கேள். போன வருசம் எங்கட தேவாலயச் சபை வின்னிபெக்கில நீ வேலை செய்யிற இடத்துக்குக் காசு குடுக்கிறதெண்டு முடிவெடுத்தது. சின்ன வயசில தேவாலயப் பள்ளிக்கூடங்களுக்குப் பிடிச்சுக்கொண்டு போகப்பட்ட க்ரீ எண்ட பழங்குடிச் சனங்கள் தாங்களே சேர்ந்து, தங்கட பாட்டு, தங்கட மருந்து, தங்கட பாஷையோட மனக்காயத்தை ஆத்திறதுக்கு நடத்திற வீடு எண்டு நீ விண்ணப்பத்தில வடிவா எழுதியிருந்தாய். அதைக் கொண்டுபோய்ப் பாதிரியாரம்மாவின்ரை மேசையில வைச்சது ஆர்? நான். என்ரை உத்தியோகத்துக்கு ஸிக்ரிஸ்ட் எண்டு பெரிய பெயர், ஆனா மணி அடிக்கிறது, கதிரை அடுக்கிறது, கோப்பி ஊத்திறது, வாசல்ல பனி தள்ளுறது எல்லாம் நான்தான், வோட்டு மட்டும் இல்லை, ஏனெண்டா நான் முருகன் கட்சி. எண்டாலும் அந்தக் காசு போன அண்டைக்கு எனக்கு வந்த சந்தோசப் புளுகம் இருக்கே, சொல்லி முடியாது. பதினெட்டு வருசம் அந்தக் கட்டடத்தில தும்புத்தடி பிடிச்சுக் கூட்டின மனுசன் முதல்முறையாக் குடுக்கிற பக்கத்தில நிக்கிறன் எல்லே.

எங்கட ஆக்களின்ரை பழக்கம் உனக்குத் தெரியும், குடுத்தா பெயர் போட்டாக வேணும். எங்கட கோயில் ரியூப் லைற்றுகளில வெளிச்சத்தை விட உபயகாரரின்ரை பெயர்தான் கூட. சண்முகநாதன் அண்ணை வாங்கிக் குடுத்த குப்பை வாளியில கூட உபயம் எண்டு எழுதி அவர், மனிசி, பிள்ளையள், மருமக்கள் எண்டு நாய்க்குட்டியைத் தவிர எல்லாரும் இருக்கினம். ஏன், நான் குடுத்த மின்விசிறி சுத்தேக்க என்ரை பெயரை வாசிக்கேலாமல் கிடக்கெண்டு ஆடி மாசத் திருவிழாவில நானே அதை நிப்பாட்டி வைச்சனான், சனம் வேர்த்துக்கொண்டு நிண்டு அரோகரா சொன்னது. அப்பிடிப்பட்ட பரம்பரையில வந்தவன் ஒரு பெயரும் இல்லாமல் கனடாவுக்குக் காசு போறதைப் பாத்துக்கொண்டு இருப்பனோ? லா ஷோ-து-ஃபோனில மணிக்கூட்டுத் தொழிற்சாலையில எழுத்து வெட்டிற மெசினில நிக்கிற சந்திரகுமாருக்கு ரெலிபோன் எடுத்தன். நல்ல பித்தளைத் தகடு, மூண்டு பாஷை. மேல உபயம்: ஆராவ் சபையார். கீழ முயற்சி: சிவலிங்கம், கோபிஷாவின் தந்தை. என்ரை பெயர் மற்ற எழுத்துகளை விட ஒரு நூல் பெரிசாய் வந்தது சந்திரகுமாரின்ரை கைப்பிழை எண்டு கொம்மாவுக்குச் சொன்னனான். கைப்பிழை இல்லை, நான்தான் சொல்லி வெட்டுவிச்சது. அவன் பழக்கதோசத்தில அடியில சுவிஸ் தயாரிப்பு, முப்பது மீற்றர் வரைக்கும் தண்ணி புகாது எண்டும் சேத்து வெட்டிப்போட்டான். அதையும் பெருமையெண்டு நினைச்சு, நாலு திருகாணி, அதை முறுக்கிறதுக்கு ஒரு சின்னத் திருப்பி, முன்கதவில எந்த உயரத்தில பூட்டவேணும் எண்ட படம், கொம்மாவின்ரை முறுக்குப் பை எல்லாத்தையும் ஒரே பெட்டிக்குள்ள அடைஞ்சு அனுப்பினன்.

பிறகு நீ ரெலிபோன் எடுத்தாய். நான் ஹலோ எண்டு சொல்ல முந்திக் கேட்டாய், அந்தப் பள்ளிக்கூட வாசலிலயும் குடுத்த சபையின்ரை பெயரோட ஒரு தகடு இருந்தது அப்பா, அதுக்குக் கீழாலதான் ஆக்னஸ் அன்ரியை ஆறு வயசில உள்ளுக்குக் கொண்டுபோனவை, உங்களுக்குத் தெரியுமோ எண்டு. உள்ளுக்குப் போன உடனை தாய் வைச்ச பெயரை எடுத்துப்போட்டு ஆக்னஸ் எண்ட பெயரை அவைதான் வைச்சவையாம், கூப்பிடுறதுக்கு ஒரு நம்பரும் குடுத்தவையாம். அந்த வீட்டைத் தொடங்கினதே அவதான் எண்டும், நான் அனுப்பின பெட்டியை உடைச்சு முதல்ல தகட்டைத் தூக்கினதும் அவவின்ரை கைதான் எண்டும் சொல்லிப்போட்டு வைச்சிட்டாய். முறுக்கைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. கொம்மா, பெயர் போடாட்டி உங்களுக்குச் சோறு செமிக்காதோ எண்டு மட்டும் கேட்டுப்போட்டுப் பருப்புக் கழுவப் போயிட்டா.

வெக்கம் அதோட முடிஞ்சிருந்தால் பரவாயில்லை. எங்கட வ்யூத்ரிக் ஐயாவைத் தெரியும்தானே, உதவிக் காசுக் குழுவுக்குத் தலைவர், காப்புறுதிக் கந்தோரில நாப்பது வருசம் இருந்த மனுசன், அளவுகோல் இல்லாமல் அப்பிள் வெட்டமாட்டார். தகட்டை அனுப்ப முந்தி அதைப் படம் எடுத்துச் சபையில காணுற எல்லாருக்கும் நான் காட்டித் திரிஞ்சது அவரின்ரை கண்ணிலயும் பட்டுப்போச்சு. நல்ல யோசினை ஹெர் சிவா எண்டு தோளில தட்டினார், நானும் பல்லைக் காட்டினன். போய் அடுத்த மூண்டு வருசக் காசுக்கு நிபந்தனை எழுதிப்போட்டார். கதவில தகடு இருக்கவேணும், வருசத்துக்கு ரெண்டுதரம் வாற சனத்தின்ரை படம் அனுப்பவேணும், பதினாலு பக்கப் படிவம் நிரப்பவேணும். அதில ஒரு கட்டம், இந்த வருசம் எத்தினை பேர் குணமானவை. அடுத்த கட்டம், எத்தினை பேர் மன்னிச்சவை, சதவீதத்தில. உங்கட மூத்த ஆக்கள் அதைப் பாத்துப்போட்டு, இப்பிடியெண்டால் உங்கட காசு வேண்டாம், நாங்கள் வீட்டைப் பூட்டுறம் எண்டு சொன்னதை நீ கொம்மாவுக்குச் சொல்லேக்க குசினிக் கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டன். என்ரை விசர்த் தகட்டால அவையின்ரை வீடு பூட்டப்போகுது.

போன ஞாயிறு சபைக் கூட்டம். ஐம்பது கதிரை போட்டு, கோப்பி வடிச்சுப்போட்டுப் பின்னுக்கு நிண்டன். வ்யூத்ரிக் ஐயா படிவத்தை வாசிக்கிறார், ஒருத்தர் நாங்கள் அங்கை பள்ளிக்கூடம் நடத்தேல்லையே, எங்களுக்கேன் இந்தக் கவலை எண்டு கேக்கிறார், பாதிரியாரம்மா எழும்பி அந்தப் பள்ளிக்கூடத்திலயும் எங்கட வேதப்புத்தகத்தைத்தான் வாசிச்சவை எண்டு சொல்லுறா. நிபந்தனையோட வோட்டுக்கு விடப்போகினம். நான் கோப்பிக் கேத்திலோட எழும்பினன், எழும்பினன் எண்டு என்ன, நிண்டுகொண்டுதானே இருந்தன், முன்னுக்குப் போனன். உறுப்பினர் அல்லாதவர் கதைக்கேலாது எண்டு ஐயா சட்டம் சொன்னார். பாதிரியாரம்மா விருந்தாளி கதைக்கலாம் எண்டா. பதினெட்டு வருசத்தில அண்டைக்குத்தான் நான் அங்கை விருந்தாளி.

என்ரை ஜெர்மன் உனக்குத் தெரியும், பயந்தால் வினைச்சொல் எல்லாம் கடைசியில குவிஞ்சுபோகும். தகடு செய்தது நான், அது பிழை எண்டு சொன்னன். விளங்காமல் பாத்தினம். உடனை விறாந்தைக்குப் போய், மேசைப்பந்து மேசைக்கு மேல தொங்கின அந்தப் பழைய படத்தை ஆணியிலயிருந்து கழட்டிக்கொண்டு வந்து வ்யூத்ரிக் ஐயாவின்ரை படிவத்துக்கு மேல வைச்சன். உனக்கு ஞாபகம் இருக்கும், மெல்லிய பெடியன் ஒருத்தன் தனக்கு ரெண்டு அளவு பெரிசான நீலக் குளிர்ச்சட்டையைக் கையில பிடிச்சுக்கொண்டு நிக்கிற படம். கீழ பெண்கள் சங்கத்தின் அன்பளிப்பு எண்டு பெரிய எழுத்தில, அதுக்குக் கீழ தமிழ் அகதி, 1990 எண்டு சின்ன எழுத்தில. இது நான்தான் எண்டு சொன்னன். சட்டை நல்ல சட்டை, அது இல்லாட்டி அந்தக் குளிருக்குச் செத்திருப்பன், குடுத்தவையை நான் கும்பிடுறன். ஆனா படம் எடுக்கட்டோ எண்டு ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை, குடுத்தவையின்ரை பெயர் இருக்கு, வாங்கினவனின்ரை பெயர் இல்லை, பதினெட்டு வருசமாய்க் கிழமைக்கு ஒருக்கா இதை நானே தூசு தட்டுறன், நீங்கள் ஒருத்தரும் என்னை அடையாளம் காணேல்லை எண்டு சொன்னன். சொல்லிப்போட்டு நிக்கிறன், மற்றக் கையில கேத்தில் இன்னும் தொங்குது.

வ்யூத்ரிக் ஐயா படத்தைப் பாத்தார், என்ரை மொட்டைத் தலையைப் பாத்தார், திரும்பவும் படத்தைப் பாத்தார். ஹெர் சிவா, உங்களுக்கு இவ்வளவு மயிர் இருந்ததோ எண்டு கேட்டார். பாதிரியாரம்மா சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சா, ஐம்பது கதிரையும் குலுங்கினது, நானும் சிரிச்சன், சிரிக்கேக்க கொஞ்சம் அழுகையும் வந்தது, அதையும் எழுதத்தான் வேணும். பிறகு அவர் என்ன செய்தவர் தெரியுமோ, பையிலயிருந்து அளவுகோலை எடுத்து வைச்சு, நிபந்தனையளை ஒவ்வொண்டா நேர்கோடாய் வெட்டினார். தகடு வெட்டு, படம் வெட்டு, மன்னிச்ச சதவீதம் ரெண்டு கோடு போட்டு வெட்டு. என்ன செய்யிறதெண்டு அங்கத்தையச் சனம் முடிவெடுக்கும், சொல்ல விருப்பமிருந்தால் ரெலிபோனில சொல்லட்டும் எண்டு எழுதினார். நாப்பத்தொரு கை எழும்பினது, எதிர்த்து ஆறு. மூண்டு வருசம். பாதிரியாரம்மாவின்ரை கடிதம் உங்களுக்கு வந்திருக்கும், ஆனா அதில கேத்தில் கதை இராது, அதால நான் எழுதிறன்.

நீ கேக்கலாம், இவ்வளவும் தெரிஞ்ச மனுசன் ஏன் தகடு செய்தது எண்டு. ஐஞ்சு கிழமையாய் அதைத்தான் யோசிக்கிறன். சட்டை பிடிச்சுக்கொண்டு நிண்ட பெடியனை மறைக்கிறதுக்கு ஒரு பெரிய எழுத்துத் தேவைப்பட்டிருக்கு எண்டு நினைக்கிறன். உனக்குப் பத்துப் பன்ரெண்டு வயசில அந்த விறாந்தையில பந்து அடிக்கேக்க, நிமிந்து பாத்து, அப்பா இது ஆர் எண்டு ஒருக்காக் கேட்டாய். ஆரோ ஒரு அகதியாம் எண்டு சொல்லிப்போட்டுக் கதிரை அடுக்கப் போயிட்டன். அந்தப் பொய்க்கு உன்னட்டை மன்னிப்புக் கேக்கிறன், சதவீதம் வேண்டாம்.

ஆக்னஸ் அன்ரியிட்டை என்ரை பேரில மன்னிப்புக் கேள், தகட்டை எறியச் சொல்லு, தண்ணிக்குள்ள எறிஞ்சால் முப்பது மீற்றருக்கு ஒண்டும் செய்யாது, மண்ணுக்குள்ள புதைக்கச் சொல்லு. தாய் வைச்ச பெயர் என்ன எண்டு, சொல்ல விருப்பமெண்டால் மட்டும், கேட்டு எழுது. ஒரு இடத்திலயும் வெட்டமாட்டன், சரியாச் சொல்லிக் கூப்பிடுறதுக்குத்தான். நீ நல்லாயிரு பிள்ளை, உன்ரை வேலையும் அந்த வீட்டுச் சனமும் நல்லாயிருக்க வேணும், நோய் நொடி அண்டக்கூடாது. வெளிய போகேக்க காதை மூடு, சப்பாத்துக்குள்ள ரெண்டு காலுறை போடு, கொம்மாவுக்கு எடுக்கேக்க ரெலிபோனைச் சத்தமாய் வைக்கச் சொல்லு, கதவுக்குப் பின்னால நிண்டு என்ரை முழங்காலும் நோகத் தொடங்கியிட்டுது. அந்தப் படத்தை இதோட வைச்சிருக்கிறன். பின்னால பெயர் எழுதியிருக்கிறன், குடுத்தவையின்ரை இல்லை.

இப்படிக்கு,
உன்ரை அப்பா
சிவலிங்கம்
(நீலச் சட்டையோட நிக்கிறவர்)