நதி வீடு தேடி வந்ததாம்

ஜூலை 10, வியாழன்

விடிஞ்சதிலிருந்து தூறல். தேஹு ரோடு ஸ்டேஷனுக்குள் போவதற்குள் பாதி நனைந்தாச்சு. லோக்கல் ரயிலில் உட்கார இடமில்லை. சிவாஜிநகர் வரை நின்றபடி.

ஞாயிறு மியூசியத்தில் 'ஆற்றங்கரை விழா'. பாக்கி வேலை: பந்தல், மைக், நாற்காலி, சந்துப் பெண்களுக்கு டீ. (டீயைத் தனியாகச் சொல்லாவிட்டால் ஆபீசில் யாருக்கும் நினைப்பே வராது.)

மத்தியானம் அச்சகத்திலிருந்து கண்காட்சிப் பலகைகள் வந்தன. பிரித்தேன். கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

மூணு வருஷமா இந்தக் கல் மாளிகையில் சமூக நிகழ்ச்சிகளுக்கு நான்தான் பொறுப்பு. சமூகம் என்றால் வேறு யார்? பின்சுவரை ஒட்டிய சந்துதான். போன மழையில் மேலே அணையைத் திறந்துவிட்டு, விடிகிற நேரத்தில் இடுப்பளவு தண்ணீர் புகுந்ததே, அந்தச் சந்து. வெள்ளத்தைப் பற்றிய இந்தக் கண்காட்சிக்காக எத்தனை தடவை போய் அவர்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கேட்டிருப்பேன். பிளவுஸ் தைக்கிற சுனந்தா மவுஷி (மவுஷி என்றால் மராட்டியில் சித்தி) சொன்னதை அப்படியே மராட்டியில் எழுதிக் கொடுத்தேன். "பாணி ஆலம் நாஹி, பாணி சோடலம்." தண்ணி வரல, தண்ணிய விட்டாங்க. அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையா?

பலகையில் இப்போது இருப்பது: "நதி எங்கள் வீடு தேடி வந்தது."

வந்ததாம்! விருந்தாளி! தட்டில் வெற்றிலை வைத்துக் கூப்பிட்டார்களாக்கும்.

மங்கல் பெயரும் இல்லை. மங்கல், மவுஷியோட தங்கச்சி. தண்ணீர் வடிந்த பிறகும் போக்கிடம் இல்லாமல் அந்த ஈர வீட்டிலேயே படுத்துக் காய்ச்சல் வந்து, மாசம் முடிவதற்குள் போய்விட்டாள். அந்தப் பத்தி மொத்தமும் காணோம். அந்த இடத்தில் ஒரு படகு ஓவியம்.

நேரே இயக்குநர் ரூமுக்கு. (இனிமேல் 'இ.' என்றுதான் எழுதப்போகிறேன்; பெயரை எழுதக்கூடப் பிடிக்கவில்லை.)

"டோன் கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்னுதான், ரோஸ்லின்."

"ஒருத்தி செத்திருக்கா சார்."

"காய்ச்சல்ல. வெள்ளத்துல இல்ல. கணக்குல அது தனி."

கணக்குல தனியாம். அவர் மேஜையில் எலுமிச்சை மணக்கிற மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது, ஆற்று நாத்தம் வராமல் இருக்க. ஆற்றங்கரை மியூசியத்துக்கு இயக்குநர்!

ஜூலை 11, வெள்ளி

மழை வலுத்திருக்கு. துணி காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை.

இ. அனுப்பிய வாட்ஸ்அப், காலை டிபனுக்கு முன்னாலேயே:
- சந்துப் பெண்கள் ஒன்பது கஜப் புடவையில் வரணும்
- பாக்ரி (சோள ரொட்டி), பிட்லா (கடலைமாவுக் கூட்டு) அங்கேயே அடுப்பு வைத்துச் சமைக்கணும், விருந்தினர் போட்டோ எடுப்பார்கள்
- சுனந்தாவுக்கு மைக் இரண்டு நிமிஷம், நன்றி மட்டும்
- சிறப்பு விருந்தினர் வரும்போது நடைபாதையில் யாரும் நிற்கக் கூடாது

சிறப்பு விருந்தினர் யார் என்று ஆபீசில் விசாரித்தேன். அணைத் தண்ணீரைத் திறப்பதும் மூடுவதும் யார் உத்தரவோ, அந்தப் பெரிய அதிகாரி. இப்போதுதான் புரிகிறது பலகை ஏன் மாறியது என்று. ஆற்றின் பக்கம் மியூசியத்துக்கு ஒரு தோட்டம் போட அவர் அனுமதி வேணுமாம்.

சாப்பிடும்போது வீட்டுக்காரர் சாலமனிடம் கொட்டினேன். இவருக்கு முப்பது வருஷமா டிப்போவில் வேலை. மேலதிகாரி என்றால் எழுந்து நிற்கிற உடம்பு.

"எதுக்கு அவன்கூட மல்லுக்கட்டுத? ஒரு வரிதானே ரோஸி."

"ஒரு வரி இல்ல. ஒரு ஆளு."

"சரி, சத்தம் போடாதே. கீழ் வீட்டுக்குக் கேக்கும்."

கேக்கட்டும். சாம்பாரில் உப்பு போடவில்லை என்பதையும் அவர் சொல்லவில்லை. பயந்துவிட்டார் போல.

ஜூலை 12, சனி

சந்துக்குப் போனேன். மூடி மறைத்துப் பேச வரவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மவுஷியிடம் நேரடியாகச் சொன்னேன்: நீங்க சொன்னதை மாத்திட்டாங்க, மங்கல் பேரை எடுத்துட்டாங்க, நான் சண்டை போட்டும் கேக்கல.

மவுஷி கால் மிதிப்பதை நிறுத்தவில்லை. மடிப்பு முழுசும் தைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்த பிறகு, "நாளைக்கு வந்து படிச்சுப் பாக்குறேன்" என்றாள். அவ்வளவுதான்.

ஒன்பது கஜம் பற்றிச் சொன்னதற்கு மட்டும் சிரித்தாள். "என் கல்யாணத்துலயே நான் கட்டல, தாயி. நாங்க என்ன நாடகக் கம்பெனியா?"

தாயி என்றால் மராட்டியில் அக்கா. என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவள், என்னை அக்கா என்கிறாள். இன்றைக்கு அந்த மரியாதையைக் காது கொடுத்துக் கேட்கவே கூச்சமாக இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. கர்த்தர் மன்னிக்கட்டும்.

காலையில் வெயில்கூட எட்டிப் பார்த்தது. சந்துப் பெண்கள் எல்லாரும் சாதாரணப் புடவையில். காவலாளி அவர்களைப் பின்கேட் வழியாகப் போகச் சொன்னான். மேலிடத்து உத்தரவாம். இவர்களைப் பற்றின விழா, இவர்களுக்குப் பின்கேட்! நான் போட்ட சத்தத்தில் பந்தல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்கேட் வழியாகவே கூட்டி வந்தேன்.

மவுஷி நேரே பலகைக்குப் போனாள். ஏழாவது வரை படித்தவள். விரல் வைத்து, வாய்விட்டு, ஒவ்வொரு வரியாக. மற்ற பெண்கள் பின்னால். முடித்துவிட்டுத் திரும்பவும் மேலிருந்து ஒரு தடவை. பிறகு என்னைப் பார்த்து, "மங்கல் குடே?" மங்கல் எங்கே?

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அதிகாரி ஒரு மணி நேரம் தாமதம். மாலை, சால்வை, விளக்கு. இ. பேச்சில் சமூகம், சமூகம், சமூகம். எத்தனை தடவை! அதிகாரி நதியைத் தாய் என்றார். கைதட்டல்.

மவுஷியைக் கூப்பிட்டார்கள். இ. என் காதில், "நன்றி மட்டும், சொல்லியிருக்கீங்கள்ல?" நான் மவுஷியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். மவுஷி மைக்கைத் தொடவே இல்லை. அதிகாரியின் நாற்காலிக்கு எதிரே போய் நின்றாள்.

"சாஹேப், அடுத்த தடவை தண்ணி விடறதுக்கு முன்னாடி எங்களுக்கு யார் சொல்வாங்க?"

அதிகாரி சிரித்தார். "சிஸ்டம் இருக்கு, மவுஷி. அறிவிப்பு வரும்."

"போன தடவை வரல. உங்க நம்பர் கொடுங்க. நானே கேட்டுக்கறேன்."

"ஆபீஸ் நம்பர்..."

"உங்க நம்பர்."

டீ கொடுக்கிறவன்கூட நின்றுவிட்டான். சந்துப் பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள், யாரும் சொல்லாமலே. கடைசியில் அதிகாரி கண் காட்ட, உதவியாளர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். மவுஷி வாங்கி, ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படித்துச் சரி பார்த்தாள். அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மற்றவர்களும். அடுப்பு மூட்டவே இல்லை. பிட்லா போட்டோவுக்கு வந்தவர்கள் பிஸ்கட் சாப்பிட்டார்கள்.

எனக்குக் கைதட்டணும் போல இருந்தது. தட்டவில்லை. ஏன் தட்டவில்லை?

ஜூலை 14, திங்கள்

மியூசியம் விடுமுறை. ஆனாலும் போன் வந்தது, வரச் சொல்லி. கொட்டுகிற மழையில் போனேன்.

இ. உட்காரச் சொல்லவில்லை. நான்தான் தூண்டிவிட்டேனாம். அதிகாரிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதணுமாம், சுனந்தாவிடமும் ஒரு கையெழுத்து வாங்கணுமாம்.

"எதுக்கு மன்னிப்பு சார்? நம்பர் கேட்டதுக்கா?"

"நீங்க ரொம்ப உணர்ச்சிவசப்படறீங்க. தோட்டம் வந்தா அந்த ஜனங்களுக்குத்தானே நல்லது."

"தோட்டத்துக்கு எந்தக் கேட் வழியா வரணும் அவங்க?"

அவர் லேப்டாப்பைத் திறந்துகொண்டார்.

வெளியே வந்தேன். மாடிப்படி. கண்காட்சி அறை. ஆள் இல்லை, விளக்கும் இல்லை, ஜன்னல் வெளிச்சம் மட்டும். மார்க்கர் என் மேஜையில் எப்போதும் இருப்பதுதான், பெட்டிகளில் பெயர் எழுத. எடுத்தேன். "நதி எங்கள் வீடு தேடி வந்தது" என்பதைக் குறுக்கே அடித்தேன். அதன் கீழே பெரிய எழுத்தில் மராட்டியில்: தண்ணி வரல, தண்ணிய விட்டாங்க. படகு ஓவியத்தின் மேல் மங்கல் பெயர். கோணல் மாணல். எழுதினது எழுதினதுதான்.

அடையாள அட்டையைப் பலகைக்குக் கீழே தரையில் வைத்துவிட்டு வந்தேன்.

ரயிலில் வந்த பிறகுதான் அழுகை. எதிரில் இருந்த அம்மாள் கடலை மிட்டாய் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

வேலை போச்சு. மெயிலில் இரண்டு வரி. பலகையை இறக்கிவிட்டார்களாம், புதுசு அடித்து மாட்டுவார்களாம். மாட்டட்டும். பழைய வரியோடுதான் வரும், தெரியும்.

சாலமன் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கு. "ஒரு சம்பளத்துல ஓட்டுவோம்" என்று செருப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார். டிப்போவுக்குக் கிளம்புகிற நேரத்தில், வாசலில் நின்று, "என்ன எழுதின? மறுபடி சொல்லு" என்றார். சொன்னேன். ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஏஞ்சலுக்குத்தான் ஒரே குஷி. "அம்மா, நீ சுவத்துல எழுதுனியா? நீயா?" இருபது வயசுப் பெண்ணுக்கு அம்மா இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறாள்.

மத்தியானம் மவுஷி போன்.

"தாயி, அந்த நம்பருக்குப் போட்டேன். சாகண் ஊர்ல யாரோ வெங்காய வியாபாரி எடுக்கிறான்."

எத்தனை பேர் பார்க்க எழுதிக் கொடுத்தார்கள்! அந்த உதவியாளரின் கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லையே! கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வந்தது. தமிழில்தான் வந்தது. மவுஷிக்குப் புரிந்திருக்கும், சிரித்தாள்.

"விடு. இங்க மழை நிக்கல. மேல அணை நிரம்புதாம். நாங்களே பாலத்துல முறை போட்டு ஆத்தைப் பாக்கறோம், ஆளுக்கு ரெண்டு மணி நேரம். தண்ணி ஏறினா தட்டைத் தட்டிச் சந்துல எல்லாரையும் எழுப்பணும். வியாழன் மத்தியானத்துக்கு ஆள் இல்ல. எல்லாரும் வேலைக்குப் போயிடுவாங்க. உனக்குத்தான் இப்ப வேலை இல்லையே, வருவியா?"

வருவேன் என்றேன்.

ரெயின்கோட் வாங்கணும். கனமான எவர்சில்வர் தட்டு ஒன்று, பரணில் இருக்கு, இறக்கணும்.