மதினி வாங்கிய வின்ச்

மதினி,

நேற்று மத்தியானம் சூரியநெல்லி போகும் வளைவுக்குக் கீழே ஒரு டூரிஸ்ட் ஜீப் சேற்றில் இறங்கிவிட்டது. முன் பம்பரில், கம்பி ரோப்பைச் சுற்றி வண்டியை இழுக்கிற புத்தம் புது வின்ச். ஓட்டி வந்தவன் பொத்தானை அழுத்தினான். அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் மோட்டாரின் செம்புச் சுருள் சூடேறி, அரக்கும் ரப்பரும் சேர்ந்து கருகுகிற வாசம் எழுந்தது. எனக்குத் தாடை விண்ணென்று வலித்தது. உடைந்து ஒட்டிய எலும்பு. "விட்டு விட்டு இழுங்க தம்பி" என்று அவனிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். உங்களை அடக்கம் செய்தபிறகு வருகிற முதல் மழை இது. யாரிடமும் பேசத் தோன்றவில்லை. உங்களிடம்தான் பேச வேண்டும் போலிருக்கிறது.

அண்ணன் செத்தது ஒரு வின்ச்சால்தான். நம் லாரி மிலிட்டரிக்காரர்கள் கழித்துவிட்டது. நான்கு சக்கரமும் இழுக்கும், ஜீப் திணறுகிற ஏற்றமெல்லாம் ஏறும். அதிலிருந்த பழைய வின்ச் என்ஜினோடு கோத்தது. என்ஜின் ஓடினால்தான் சுற்றும். நிறுத்த வேண்டுமென்றால் பக்கத்திலேயே நின்று லீவரைத் தள்ள வேண்டும். அண்ணன் அப்படித்தான் நின்றார். கம்பி ரோப் அறுந்து, சாட்டையாகத் திரும்பி அவர் கழுத்தில் அடித்தது. நான் ஓடிப்போவதற்குள் தலை தோளில் துவண்டு கிடந்தது. மேலே சரிவில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த நீங்கள் முதுகில் கூடையோடு இறங்கி வந்தீர்கள். அழவில்லை. ரத்தத்தில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டீர்கள்.

லாரியை விற்றுவிடலாம் என்றேன். நீங்கள் கேட்கவில்லை.

"லாரி என்ன செஞ்சுச்சு? அந்த வின்ச்தான் அவர நிக்கக் கூடாத எடத்துல நிக்க வச்சுச்சு. அதக் கழட்டு தம்பி."

கழற்றிக் கீழே போட்டதும் நீங்களே சம்மட்டியை எடுத்தீர்கள். பல்சக்கரம் ஒவ்வொன்றாகத் தெறித்தது. உள்ளங்கைத் தோல் பிய்ந்து சம்மட்டிப் பிடி வழுக்கியது. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி அடித்தீர்கள். உங்களைத் தடுக்க எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு உடுமலை வழியாக இறங்கி, பொள்ளாச்சி போய், கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி, பழைய வண்டிச் சாமான் விற்கும் அந்தக் கொட்டகைக்குப் போனோம். கடைக்காரர் உங்களைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் பேசினார். பதில் சொன்னது நீங்கள். பிறகுதான் அவர் உங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அம்மிணி, என்ஜினுல ஓடறதுதான் பலமுங்க. இந்தக் கரண்டு வின்ச்செல்லாம் பாட்டரிய உறிஞ்சிப்போடும். வெடுக்குனு சூடாயிருமுங்க. விட்டு விட்டுத்தான் இழுக்கோணும்."

"என்ஜின் நின்னுபோனா ஒங்க பலசாலி இழுக்குமா?"

"அதெப்படிங்க இழுக்கும்?"

"அப்ப வேண்டாம். கரண்டுல ஓடுறதக் காட்டுங்க."

இரண்டு இருந்தன. ஒன்றில் புதுப் பெயின்ட் மினுங்கியது. கடைக்குப் பின்னால் இருந்த சரிவில் கல் ஏற்றிய டிரெய்லரை முதலில் அதை வைத்து இழுக்கச் சொன்னீர்கள். பாதி ஏறியதும் கரண்டை நிறுத்தச் சொன்னீர்கள். வின்ச் பிடிக்கவில்லை. ரோப்பை உருவிக்கொண்டு டிரெய்லர் பின்னால் பாய்ந்தது, மண் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே போனது. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த வெள்ளாடு இடுப்புக்குக் கீழே நசுங்கிப் போயிருந்தது. அது கத்தியதைக் கேட்கமுடியாமல் கடைக்காரரே கத்தியால் அதன் கழுத்தை அறுத்தார்.

"இது மனுசனா இருந்திருந்தா?" என்று கேட்டீர்கள். அவர் அதைக் கழற்றிவிட்டு மற்றதை மாட்டினார்.

பெயின்ட் உரிந்த இரண்டாவது வின்ச், கரண்டை நிறுத்தியதும் டிரெய்லரை அப்படியே சரிவில் பிடித்து நிறுத்தியது. நீங்கள் அவசரப்படவில்லை. அது வழுக்குகிறதா என்று வெயிலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். கடைசியாகப் பொத்தான் வயரைக் கையில் எடுத்து, அது எட்டுகிற தூரம்வரை பக்கவாட்டில் நடந்து போனீர்கள்.

"இங்க நின்னு அமுக்கலாம். ரோப்பு அறுந்தாலும் யார் மேலயும் விழாது. இதக் குடுங்க. ரோப்பு மட்டும் புதுசா வேணும்."

அந்த வின்ச்சோடு நம் லாரி மழையிலும் மேல் தோட்டங்களுக்கு ஏற ஆரம்பித்தது. அதுவரை ஏலக்காய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவை சேவுகனின் ஜீப்புகள். மழையில் அவை படுத்துவிடும். தோட்டக்காரர்கள் நம்மைத் தேடி வந்தார்கள். சின்னக்கானல் கடைத்தெருவில் பத்துப் பேர் முன்னால் சேவுகன் சொன்னான், "தாலியறுத்தவ லாரி இந்த மலையில ஓடாது." நீங்கள் அவன் முகத்துக்கு நேரே, "ஓடும், ஓரமா நில்லு" என்று சொல்லிவிட்டு நடந்தீர்கள்.

எமர்ஜென்சிக்கு முந்திய மழைக்காலம் அது. நாம் இரண்டு பேரும் மூட்டை ஏற்றிக்கொண்டு வரும்போது காட்டாற்றை ஒட்டிய ஏற்றத்தில் சக்கரம் வழுக்கியது. என்ஜினை ஓடவிட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிட்டு, மேலே இருந்த ஞாவல் மரத்தில் மாட்ட நான் ரோப்பை எடுத்து நடந்தேன். மரத்துக்குப் பின்னாலிருந்து சேவுகனும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். இரும்புத்தடி என் தாடையில் விழுந்தது. பல்லும் ரத்தமும் வாய்க்குள் நிறைந்தன. விழுந்தவனை விலாவில் மிதித்தார்கள். நீங்கள் ஜாக்கிக் கம்பியோடு ஓடிவந்து ஒருவன் முழங்கையில் போட்ட போட்டில் எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. இன்னொருவன் உங்கள் கொண்டையைப் பிடித்து இழுத்துச் சேற்றில் தள்ளினான். அதற்குள் சேவுகன் பானட்டைத் தூக்கி வெட்டுக்கத்தியால் டீசல் குழாயை வெட்டினான். என்ஜின் இருமிவிட்டு நின்றது. லாரியை ஆற்றில் உருட்டிவிட வேண்டும் என்று அவன் பின்னால் போய்க் கல்லை உதைத்தான்.

லாரி அவன் நினைத்த பக்கம் போகவில்லை. சேற்றில் வால் திரும்பி, அவன் தொடையைப் பாறையோடு சேர்த்து நசுக்கிக்கொண்டு நின்றது. அவன் ஆட்கள் அலறலைக் கேட்டதும் ஓடிவிட்டார்கள்.

நீங்கள் எழுந்தீர்கள். அவன் கையிலிருந்து விழுந்த வெட்டுக்கத்தியை எடுத்தீர்கள். அவன் உங்களைப் பார்த்து, "அக்கா, கொன்னுராதீங்க" என்றான். லாரி மண்ணோடு கொஞ்சம் கொஞ்சமாக அவன் மேல் சரிந்துகொண்டிருந்தது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றீர்களோ, எனக்குத் தெரியவில்லை. பிறகு அதை ஆற்றில் வீசிவிட்டு, ரோப்பை மரத்தில் மாட்டப் போனீர்கள்.

"சாகட்டும் மதினி" என்றேன். வாயில் சொல் ஒழுங்காக வரவில்லை.

"நீ போயி அவன் கையப் பிடிச்சுக்க. லாரி அசையும்போது துடிப்பான். தலையப் பாறையில மோதாமப் பாத்துக்க."

என்ஜின் செத்துக் கிடந்தது. பாட்டரி மட்டும்தான். நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நின்று அழுத்தினீர்கள், விட்டீர்கள், மறுபடி அழுத்தினீர்கள். மோட்டார் கருகுகிற வாசம் வந்தது. விளக்கு மங்குவதுபோல் அதன் சத்தம் இறங்கிக்கொண்டே போனது. லாரி ஒரு சாண் ஏறியது. நின்றது. இன்னொரு சாண். நான் அவனை இழுத்து எடுத்தேன். எஸ்டேட் ஆட்கள் வந்து கம்பளியில் கட்டித் தூக்கிப்போனார்கள்.

ஆஸ்பத்திரியில் அவன் காலை எடுத்துவிட்டார்கள். போலீஸ் வந்தபோது, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னீர்கள், நீங்கள் அடித்த அடி உட்பட. அவன் மனைவி வீட்டுக்கு வந்து உங்கள் காலில் விழுந்தாள். "உசிரக் காப்பாத்தின நீங்களே ஜெயிலுக்கு அனுப்பலாமா?" என்று அழுதாள். அவளைத் தூக்கி உட்காரவைத்துக் கட்டன்சாயா கொடுத்தீர்கள்.

"காப்பாத்துனது வேற தாயி. அவன் செஞ்சது வேற. கேஸ வாபஸ் வாங்க மாட்டேன். ஒம் புள்ளைகளுக்குக் கஞ்சி இல்லன்னா இங்க வா."

அவன் ஜெயிலுக்குப் போனான். அவள் வந்தாள், நீங்கள் கொடுத்தீர்கள். இரண்டையும் ஒரே மனசில் எப்படி வைத்திருந்தீர்கள் என்று எனக்கு நெடுநாள் புரியவில்லை. கேட்டால் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.

அன்றைக்குப் பாறையடியில் என்ன நடந்தது என்று நீங்களும் என்னிடம் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். லாரி முதல் சாண் அசைந்தபோது சேவுகன் தன் அம்மாவைக் கூப்பிட்டான். என் கையை அவன் பிடித்த பிடியில் நகம் சதைக்குள் இறங்கியது. உதறிவிடலாம் என்று இருந்தது. என் வாயிலிருந்து ரத்தம் அவன் முகத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இன்னொரு கையால் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று தெரியவில்லை. அவன் மேல் இருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை, இன்றுவரை குறையவில்லை. ஆனாலும் நீங்கள் பிடிக்கச் சொன்ன கையை நான் விடவில்லை, மதினி.